கலையரசன் தேர்ந்தெடுத்த புரொபெல்லர்

கலையரசன் ஒரு தீர்மானத்துக்கு வந்தான்.

குழம்பில் புளி அதிகமானால் வாய் திறக்கமாட்டான். டிவி ரிமோட்டைக் கேட்கமாட்டான். மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, மச்சான் வீட்டு மஞ்சள்நீருக்கு என்ன சீர் வைப்பது, வாசல் பக்கம் குழாயா பின்பக்கம் குழாயா, எல்லாம் அம்சவள்ளி சொன்னபடியே நடக்கட்டும். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடக்கிறது, வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை. ஆனால் போட்டின் பின்னால் தொங்குகிற புது இன்ஜினும், அந்த இன்ஜினின் அடியில் சுழலப்போகிற புரொபெல்லரும் ஆண்பிள்ளை சமாச்சாரம். அதில் அவன் சொல்வதுதான் கடைசிச் சொல்.

இந்தத் தீர்மானத்தை அவன் அம்சவள்ளியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது தீர்மானமாக இருக்காது. பேச்சுவார்த்தை ஆகிவிடும்.

இதற்கெல்லாம் காரணம் கௌதமனின் வலது கை. கௌதமன் கலையரசனுக்குச் சித்தப்பா மகன். அவனிடமும் இதே நீளத்தில் ஒரு ஃபைபர் போட், இதே குதிரைத்திறனில் ஒரு இன்ஜின். கலையரசனின் பழைய இன்ஜின் இருமிக்கொண்டு வரும்போது, மரக்காணம் முகத்துவாரத்தில் நுழைகிற இடத்தில், கௌதமன் தினமும் அவனைத் தாண்டிப் போவான். தாண்டும்போது வலது கையை உயர்த்துவான். ஆட்டமாட்டான், சிரிக்கமாட்டான், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். கை மட்டும் மேலே போகும். திட்டினால் திருப்பித் திட்டலாம். கையை என்ன செய்வது?

பழைய இன்ஜின் ஒருநாள் இருமலை நிறுத்திவிட்டது. புது இன்ஜின் வந்தது. அது அம்சவள்ளியின் மகளிர் குழு மூலமாக வந்தது, பில்லில் அவள் பெயர்தான் இருந்தது என்பதைக் கலையரசன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பில்லைக் கடலுக்கா கொண்டுபோகப் போகிறோம்?

இன்ஜின் வந்து இறங்கிய அன்று காலையில் அம்சவள்ளி வேறு ஒரு பேச்சை எடுத்தாள்.

"இன்னாங்க, கடல்ல காத்தழுத்தம் உருவாயிருக்குதாம். நாளைக்கு ராத்திரிக்குள்ள நல்ல மழை புடிக்கும்னு சொல்றாங்க."

"இருக்கட்டும்."

"உப்பு அப்படியே கெடக்குது."

பங்குக்கு எடுத்துச் செய்கிற பாத்திகளில் இந்தக் கோடை முழுக்க அவள் வாரிய உப்பு அது. மூட்டை கட்டியது பாதி, அம்பாரமாகக் குவித்தது பாதி, உப்பளத்தின் கரையில் கிடந்தது. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். அளத்துக்குப் போகிற மண்பாதையில் மதகு இடிந்து விழுந்ததிலிருந்து லாரி வரவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மதகின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மதகு போட்டோவில் நன்றாகவே விழுந்திருந்தது.

"கீத்து போட்டு மூடு," என்றான் கலையரசன்.

"கீத்து மேல இருந்து வர்ற தண்ணிக்கு. அளத்துல மழை பெஞ்சா தண்ணி கீழ இருந்து வரும். அடியில கரைஞ்சி, காலையில போய் பாத்தா கீத்துதான் இருக்கும்."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"கால்வாய் வழியா போட்ல ஏத்தினு போயி பாலத்தடியில எறக்கிட்டா போதும். அங்க வரைக்கும் லாரி வருது. ஏழெட்டு நடை அடிச்சா முடிஞ்சிடும்."

கலையரசன் எழுந்து நின்றுவிட்டான். உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லக்கூடிய விஷயமாக அவனுக்கு அது படவில்லை.

"கடலுக்குப் போற போட்டு அது. அதுல உப்பு மூட்டை ஏத்தறதா? மாட்டுவண்டியா அது? மீன் புடிக்கற போட்ல உப்பு ஏறினா மீன் ஒதுங்கிடும். எங்கப்பா காலத்துல இருந்து இருக்கற வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் அந்தக் கடற்கரையில் யாருக்கும் தெரியாது. மீனை உப்பில் புதைத்துக் கருவாடு போட்டால் குற்றமில்லை. கடல் முழுக்கவே உப்பாக இருந்தாலும் மீன் ஒதுங்குவதில்லை. மூட்டையில் கட்டிய உப்பைக் கண்டால் மட்டும் ஒதுங்கிவிடுமாம். கலையரசன் அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய வழக்கம் அது. அடுத்த நிமிஷத்தில் அவனே அதை முழுசாக நம்பிவிட்டான். ஊரில் பல வழக்கங்கள் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். உண்டாக்கியவர்கள் யார் என்று விசாரித்தால் ஒரு பெண் பெயர்கூடத் தேறாது.

அம்சவள்ளி உப்பளத்தில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த பாதத்தை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். இந்த வேலைக்கு வீட்டில் என்ன பெயர் தெரியுமா? "கைச்செலவுக்குப் போறா." கலையரசன் போனால் தொழில். அவள் போனால் கைச்செலவு. அவன் மீன் இல்லாமல் வெறும் போட்டாகத் திரும்பிய நாட்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது எந்தச் செலவில் என்று யாரும் கேட்டதில்லை.

"புரொபெல்லர் வாங்க எப்ப போறீங்க?" என்றாள்.

"இப்பவே."

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"பில்லு என் பேர்ல இருக்குதுங்க. சாமான் மாத்தணும்னா கேப்பாங்க."

பில் கடலுக்குப் போகாது. கடைக்குப் போகும். அந்த வித்தியாசத்தைக் கலையரசன் அதுவரை யோசித்துப் பார்க்கவில்லை.

கடைக்காரர் பக்கீர் முஹம்மது. கல்ஃபில் ஒரு துறைமுகத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, கடைத்தெருவில் இன்ஜின் சாமான் கடை போட்டிருந்தார். மேஜைமேல் இரண்டு புரொபெல்லர்களை எடுத்து வைத்தார். இரண்டும் அலுமினியம், இரண்டுக்கும் மூன்று இதழ். பார்க்க ஒன்று போலவே இருந்தன. ஒன்றின் இதழ் மட்டும் கொஞ்சம் அதிகமாக முறுக்கிக்கொண்டு நின்றது.

"இது பன்னெண்டு. இது ஒன்பது," என்றார். "பன்னெண்டுன்னா, ஒரு சுத்து சுத்தினா போட்டை பன்னெண்டு அங்குலம் முன்னால தள்ளப் பாக்கும். ஒன்பதுன்னா ஒன்பது அங்குலம்."

"பன்னெண்டு குடுங்க பாய்," என்றான் கலையரசன். சிறிய எண்ணைவிடப் பெரிய எண் மேல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"இரு தம்பி. வேகம் வேணும்னா பன்னெண்டு, அது சரி. ஆனா லோடு ஏறிச்சின்னா இன்ஜின் திணறும். சுத்த முடியாம முக்கும். ஒன்பது அப்படி இல்ல, வேகம் கம்மி, எவ்ளோ ஏத்தினாலும் இழுக்கும். நீ இன்னா ஏத்தப் போறே?"

"நானு ஒண்ணும் ஏத்தல. மீன் புடிக்கப் போறேன்."

"மீனை போட்டுல ஏத்தமாட்டீங்களா, நீஞ்சி வரச் சொல்லிடுவீங்களா?" என்றாள் அம்சவள்ளி.

பாய் மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"கூடை மாதிரிதானே பாய்?" என்று அவள் அவரிடம் திரும்பினாள். "பெரிய கூடையில உப்பு அள்ளினா ரெண்டு நடையில முடிஞ்சிடும்னு பேரு. தூக்க முடியாம வழியிலயே உக்காந்துடணும். சின்னக் கூடைன்னா வேகமா போயினே இருக்கலாம்."

"கரெக்டா சொன்னேம்மா. அதேதான்."

கலையரசனுக்கு அது பிடிக்கவில்லை. விளக்கம் சரியாகத்தான் இருந்தது, அதுதான் பிடிக்கவில்லை. பாய் எடுத்து வைத்த நேரத்தில் அவன் மனசில் பன்னிரண்டு ஒரு ஆசையாகத்தான் இருந்தது. அம்சவள்ளி ஒன்பதின் பக்கம் சாய்ந்த உடனே அது கொள்கையாகிவிட்டது.

"பன்னெண்டுதான்," என்றான்.

"சரிங்க, பன்னெண்டே வாங்குங்க," என்றாள் அவள். "நாளைக்கு லோடோட வர்றப்ப கௌதமன் தாண்டிப் போனாருன்னா, நீங்களும் கையைத் தூக்கிக் காட்டிட்டு வாங்க."

பாய்தான் ஒரு வழி சொன்னார்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போ தம்பி. தண்ணியில ஓட்டிப் பாரு. அடிபடாம ஒண்ணைத் திருப்பிக் கொண்டாந்து குடு. இன்ஷா அல்லாஹ், எது சரின்னு தண்ணியே சொல்லும்."

கலையரசன் அதைப் பிடித்துக்கொண்டான். சோதனை. அளந்து, ஓட்டி, கண்ணால் பார்த்து நிரூபிப்பது. பெண்பிள்ளைகள் வாயால் ஜெயிப்பார்கள், அவன் ஆதாரத்தால் ஜெயிப்பான். பைக்கில் திரும்பி வரும்போது அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. பின்னால் இரண்டு புரொபெல்லரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்சவள்ளி வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் டெஸ்ட். கடலில் ஓட்டலாம் என்றான்.

"கடல்ல அலை இருக்குதே," என்றாள். "ஒரு நடை அலை தள்ளிவிடும், ஒரு நடை எதுத்து நிக்கும். அப்புறம் நீங்க பன்னெண்டு ஜெயிச்சிதுன்னா நான் அலை ஜெயிச்சிதுன்னு சொல்லுவேன். கால்வாயில தண்ணி தட்டையா இருக்குது. அளத்து முனையிலருந்து பாலத்தடி வரைக்கும் நேர்த் தண்ணி."

நியாயமான பேச்சு. கலையரசன் ஒப்புக்கொண்டு, போட்டை அளத்து முனைக்குக் கொண்டுவந்தான்.

"லோடு வேணுமே," என்றான். "ஆளுங்களை ஏத்திக்கலாமா?"

"ஆளுங்க ஒருத்தர் குண்டு, ஒருத்தர் ஒல்லி. அதோட சும்மா இருக்கமாட்டாங்க, யோசனை சொல்லிட்டே வருவாங்க. எல்லாம் ஒரே எடையா, வாயில்லாம, கணக்கா இருக்கற மாதிரி ஏதாவது வேணும்." அவள் கன்னத்தில் விரல் வைத்து யோசித்தாள். "அப்படி இன்னாங்க இருக்குது நம்ம பக்கம்?"

கலையரசன் சுற்றிலும் பார்த்தான். அளத்தின் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். அம்சவள்ளிக்குப் பின்னால், வெயிலில் கண் கூசும்படி, உப்பு மூட்டைகள் வரிசை வரிசையாக இருந்தன.

"உப்பு மூட்டை," என்றான். கண்டுபிடித்த சந்தோஷம் அவன் குரலில் தெரிந்தது.

"ஐயோ, வேணாங்க," என்றாள் அம்சவள்ளி. "மீன் போட்ல உப்பு ஏத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்கப்பா காலத்து வழக்கம்."

"இது ஏத்தறது இல்ல. டெஸ்டு."

"மீன் ஒதுங்கிடுச்சின்னா?"

"ஏத்தறது வேற, டெஸ்ட் பண்றது வேற. உனக்கு அது புரியாது."

"எனக்கு எங்கங்க புரியப் போவுது," என்றாள். திரும்பி, பக்கத்துப் பாத்திக்காரி மேரிசெல்வியைக் கூப்பிட்டாள். மேரிசெல்வி ஒரு மூட்டையை ஏற்கெனவே தலையில் வைத்துக்கொண்டு நின்றது கலையரசனுக்கு விசித்திரமாகப் படவில்லை.

ஒரு சின்னச் சிக்கல் வந்தது. பெண்கள் மூட்டையைக் கரை வரைக்கும் தூக்கி வந்தார்கள். அங்கே நின்றுவிட்டார்கள்.

"ஏன் நிக்கிறீங்க? உள்ள அடுக்குங்க."

"போட்ல பொம்பளை கால் வைக்கக்கூடாதே அண்ணே," என்றாள் மேரிசெல்வி பணிவாக.

இது உண்மையிலேயே இருக்கிற வழக்கம். கிழிந்த வலையைப் பெண் பின்னலாம். மீனை அவள்தான் கூடையில் சுமந்துபோய் விற்க வேண்டும். இன்ஜினுக்கு அவள் கையெழுத்துப் போடலாம். கால் மட்டும் வைக்கக்கூடாது. கலையரசனே மேரிசெல்வியிடம் போன வருஷம் இதை ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறான். இப்போது என்ன செய்வது? கரையில் கொண்டுவந்து வைத்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, போட்டுக்குள் இறக்கி, ஒருபக்கம் சாயாமல் அடுக்கியவன் அவன்தான். முடித்தபோது பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

முதல் ஓட்டம் பன்னிரண்டு. கயிற்றை இழுத்தான். புது இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. போட்டின் பின்பக்கம் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது, மூக்கு வானத்தைப் பார்த்தது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினான். இன்ஜின் சேற்றில் மாட்டிய எருமை மாதிரி அடித்தொண்டையில் முனகியது. பாலித்தீன் பையில் கட்டிப் போட்டிருந்த போனில் வேகம் காட்டுகிற எண் ஏறவே இல்லை. கரையில் நடந்துவந்த ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு, சலித்துப்போய் முன்னால் போய்விட்டது.

பாலத்தடியில் ஒரு லாரி நின்றது.

"எங்கண்ணே லோடு?" என்று கேட்டான், பேச்சுக்கு.

"திண்டிவனம் பக்கம்பா," என்றார் லோடுமேன். அவரும் இன்னொருவரும் கேட்காமலேயே வந்து மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார்கள். காலியாகத் திரும்பி ஓட்டிப் பார்க்க வேண்டுமே, இறக்கித்தான் ஆக வேண்டும். "கீழ வச்சா ஈரம் இழுக்கும். மேல வக்கிறோம்," என்று லாரியிலேயே அடுக்கினார்கள்.

எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று நினைத்துக்கொண்டான் கலையரசன்.

திரும்பும்போது காலிப் போட் பறந்தது. பன்னிரண்டு தன் குணத்தைக் காட்டியது. மூக்கு தாழ்ந்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும், அளத்து முனைக்கு வந்து சேர்ந்தபோது கலையரசனின் முகத்தில் மாப்பிள்ளைக் களை இருந்தது.

"பாத்தியா?"

"வர்றப்ப பாத்தேன். போறப்பவும் பாத்தேன்," என்றாள் அம்சவள்ளி. "நாய் நல்லா ஓடுது."

அடுத்தது ஒன்பது. முழங்கால் தண்ணீரில் நின்று, இன்ஜினைத் தூக்கி மடக்கி, பின்னை உருவி, நட்டைக் கழற்றி மாற்றினான். மறுபடியும் மூட்டைகள் வந்தன.

"அதே மூட்டையைத் திருப்பிக் கொண்டாந்திருக்கலாமே," என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. கேட்டும்விட்டான்.

"போட்டுக்குள்ள அடியில தண்ணி நிக்குதில்ல? நனைஞ்ச மூட்டை எடை மாறிடும். அப்புறம் டெஸ்டு தப்பாயிடும்," என்றாள் அவள். "ஒவ்வொரு தடவையும் காஞ்ச மூட்டைதாங்க வைக்கணும். இல்லாட்டி நீங்க அளக்கறதுக்கு அர்த்தமே இல்ல."

கலையரசன் தலையை ஆட்டினான். அவளுக்கும் சோதனையின் நுணுக்கம் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருக்கிறது என்று அவனுக்கு ஒரு திருப்தி.

ஒன்பது லோடோடு கிளம்பியது. இன்ஜின் முனகவில்லை. கணீரென்று ஒரே குரலில் பாடிக்கொண்டு போனது. நாயை முந்தியது. ஆனால் காலியாகத் திரும்பும்போது இன்ஜின் வீணாகக் கத்தியதே தவிர வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை.

ஆக, போகும்போது ஒன்பது ஜெயித்தது. வரும்போது பன்னிரண்டு ஜெயித்தது. புத்தியுள்ள எவனும் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். மீன்பிடிக்கிறவன் கடலுக்குப் போகும்போதுதான் காலி, ஈர வலையும் ஐஸும் மீனுமாகக் கரைக்கு வரும்போது லோடு, விலை கிடைப்பது முதலில் வந்து சேர்கிறவனுக்கு. முடிந்தது கணக்கு. ஆனால் இது புரொபெல்லர் பற்றிய வழக்காக இருந்தால்தானே முடியும்? யார் சொன்னது சரி என்கிற வழக்கு. அப்படிப்பட்ட வழக்கு எந்த வீட்டில் இரண்டு ஓட்டத்தில் முடிந்திருக்கிறது?

"மூட்டை அடுக்கினது சரியில்ல," என்றான் கலையரசன். "பன்னெண்டுக்கு எடை பின்னால விழுந்துடுச்சி. முன்னால தள்ளி அடுக்கி இன்னொரு தடவை போடணும்."

"எதுக்குங்க, ஒன்பதுன்னு தெரிஞ்சிப்போச்சே. வெயில் ஏறுது, வாங்க வீட்டுக்குப் போலாம்."

"ஒண்ணும் தெரியல. கொண்டா மூட்டையை."

முன்னால் தள்ளி அடுக்கிப் பன்னிரண்டைப் போட்டான். திணறியது. எதிர்க்காற்று என்றான். காற்று நின்றது. மறுபடி போட்டான். திணறியது. பெட்ரோலில் தூசி என்றான். பெட்ரோலை வடிகட்டினான். அம்சவள்ளி ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போகலாம் என்றாள். ஒவ்வொரு முறையும் அவன் மூட்டை கேட்டான். கரையில் பெண்கள் அம்பாரத்தை மண்வெட்டியால் இழுத்து, சாக்கில் கொட்டி, கோணி ஊசியால் தைத்து, தலையில் ஏற்றி வந்துகொண்டே இருந்தார்கள். கிழக்கே கடலுக்கு மேல் வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில் கலையரசனின் தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தன. கரையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தான். அப்புறம், ஒரு மனுஷன் தன் வாழ்நாளில் அபூர்வமாகச் செய்கிற காரியத்தைச் செய்தான்.

"நீ சொன்னது சரிதான்போல இருக்குது," என்றான். "ஒன்பதே நல்லது."

வேறொரு நாளாக இருந்தால் அம்சவள்ளி அந்த வாக்கியத்தைப் போனில் பதிவு செய்துவைத்திருப்பாள். இன்றைக்கு அவள் திரும்பி அம்பாரத்தைப் பார்த்தாள். இன்னும் கால்வாசி இருந்தது. வானத்தைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"எனக்கு இப்ப சந்தேகமா இருக்குதுங்க," என்றாள் மெதுவாக.

"இன்னா சந்தேகம்?"

"பன்னெண்டுதான் சரியோன்னு. நீங்க மொதல்ல சொன்னீங்களே, காலியா வர்றப்ப இன்னாமா பறந்து வந்துச்சி. நானும் பாய் பேச்சைக் கேட்டுட்டு அவசரப்பட்டுட்டேன். ஆம்பளைங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும்."

கலையரசன் சொம்பைக் கீழே வைத்தான்.

"காலியா வர்றதுக்கா இன்ஜின் வாங்கினோம்? லோடோட வரணும்ல?"

"லோடு எல்லா நாளும் இருக்குமாங்க? பாதி நாள் நீங்க காலியாதானே வர்றீங்க."

மேரிசெல்வி தலையில் இருந்த மூட்டையோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

"யாரு காலியா வர்றது?" கலையரசன் எழுந்தேவிட்டான். தோள் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. "உனக்கு இன்ஜினைப் பத்தி இன்னா தெரியும்? பன்னெண்டு லோடு இழுக்காது. காலையிலருந்து நான் படிச்சிப் படிச்சி சொல்லிட்டிருக்கேன்."

"நீங்க எங்கங்க சொன்னீங்க? பன்னெண்டுதான்னு நின்னது நீங்கதானே?"

"அது டெஸ்டுக்கு முன்னாடி. இது டெஸ்டுக்கு அப்புறம். ஒன்பது எப்படி இழுக்குதுன்னு இப்ப காட்டறேன் பாரு. வழக்கமா வக்கிறதுக்கு மேல நாலு மூட்டை சேத்து வை."

"நாலு சேத்தா இழுக்காதுங்க."

"ஆறு வை."

ஆறு வைத்தார்கள். அவனே தூக்கினான், அவனே அடுக்கினான், ஒன்பதை மாட்டிக்கொண்டு அவனே போனான். இழுத்தது. கர்வத்தோடு திரும்பி வந்தான். அம்சவள்ளி அப்பவும் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று பின்னாலிருந்து அடித்தது என்றாள். அவன் மறுபடி போனான். மூட்டை காய்ந்தது, எடை குறைந்திருக்கும் என்றாள். மறுபடி போனான். சூரியன் மேகத்துக்குள் மறைந்தது. கடைசி நடை பாலத்தடியில் இறங்கியபோது லோடுமேன் தார்ப்பாயை விரித்துக் கயிறு கட்ட ஆரம்பித்திருந்தார்.

கலையரசன் திரும்பி வந்து போட்டைக் கரையில் முட்டி நிறுத்தினான்.

"இப்ப இன்னா சொல்றே?"

அம்சவள்ளி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஒன்பதே இருக்கட்டும்."

அந்த வார்த்தைக்காகத்தான் அவன் இத்தனை வருஷம் கல்யாணம் பண்ணிக்கொண்டு காத்திருந்தான் என்று சொன்னால் மிகையில்லை. இடுப்பில் கையை வைத்து நின்றான். காற்றில் ஈர வாசனை வந்தது. எதிரில் இருக்கிற எல்லாவற்றையும் ஜெயித்தவன் பார்வையால் ஒருமுறை பார்த்தான். பாத்திகள். வரப்பு. அம்சவள்ளியின் பாத்தி ஓரத்தில் மண்வெட்டியால் சுரண்டி எடுத்த ஒரு வெள்ளைத் தடம், வட்டமாக, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்சா."

"இன்னாங்க?"

"இங்க இருந்த உப்பு எங்க?"

"நீங்கதானே கொண்டுபோய் விட்டீங்க."

பாலத்தின் பக்கம் லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தமும், இன்னொரு லாரி வந்து நிற்கிற சத்தமும் கேட்டன. கலையரசன் அந்தத் திசையில் திரும்பினான். மறுபடி வெள்ளைத் தடத்தைப் பார்த்தான். காலையிலிருந்து நடந்த ஒவ்வொன்றும், காய்ந்த மூட்டை, நல்ல மனசு லோடுமேன், திண்டிவனம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் முகத்தில் வந்து போனது.

"நான் உப்பு ஏத்தல," என்றான் கடைசியாக. "டெஸ்டுதான் பண்ணேன்."

"ஆமாங்க. யார் கேட்டாலும் அப்படியேதான் சொல்லுவேன்."

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. ஒரு கோடைக்காலத்து உழைப்பு முழுவதும் கரையாமல் லாரி ஏறிவிட்ட நிம்மதியும், அப்படியே அந்த வரப்பிலேயே படுத்துத் தூங்கிவிடலாம் என்கிற அசதியும்தான் இருந்தன. நேராகக் கேட்டபோதே கிடைத்திருக்க வேண்டிய ஒரு விஷயத்துக்கு ஒரு பகல் முழுக்க நாடகம் ஆட வேண்டியிருந்ததே, அதற்குக் கூலி யார் கொடுப்பது? கலையரசனுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. ஆனால் அவளுடைய வெடித்த பாதங்களை அவன் அன்றைக்குத்தான் கொஞ்சம் நின்று பார்த்தான்.

"வா, போலாம்," என்றான். "மழை வந்துடும்."

முதல் துளி அவன் கைமேல் விழுந்தது. இன்ஜினைத் தூக்கி மடக்கப் போனான்.

"அண்ணே," என்றாள் மேரிசெல்வி.

திரும்பினான். அவள் தன்னுடைய பாத்தியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய உப்பு, அம்சவள்ளியினுடையதில் பாதி இருக்கும், மூட்டை கட்டித் தயாராக, கீற்று விலக்கப்பட்டு இருந்தது.

"அக்கா தோத்துடுச்சி, சரி. ஆனா நான் ஒத்துக்கமாட்டேன். என்னைக் கேட்டா பன்னெண்டுதான் நல்லதுன்னு சொல்லுவேன்."

கலையரசனுக்கு எல்லாம் தெரிந்தது. அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அம்சவள்ளி ஏன் பேசாமல் தூரத்துக் கடலைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு, இன்ஜினை மடக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதும் தெரிந்தது.

"பன்னெண்டா?" என்றான்.